கைக்கு உறக்கம் தந்த மருதாணி

செடிகொடியும் ஆடுமாடும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மருதாணிக்கு மருதாணி என்ற பெயரே கிடையாது. ஆற்றங்கரைத் தோட்டங்களுக்கு வேலியாக நின்றதால் வேலிச்செடி என்பார்கள். இலையைக் கசக்கினால் பச்சைச் சாறு வரும், கழுவினால் போய்விடும். பொடிப்பொடியாகப் பூக்கும். அந்தப் பூவை யாரும் தலையில் சூடியதில்லை, சாமிக்கும் சாத்தியதில்லை. செடிக்கு அதில் பெரிய வருத்தமும் இல்லை. யாராவது கேட்டால் பேசும், கேட்காவிட்டால் பேசாது. யாரும் கேட்டதில்லை.

அந்த ஆற்றங்கரையில் பேராச்சி என்று ஒரு பாய்க்காரி இருந்தாள். அவள் நெய்த பாயில் படுத்தால் திரும்பிப் படுப்பதற்குள் விடிந்துவிடும் என்று சுற்றியிருந்த ஊர்களில் பேச்சு. ஆற்றோரத்துக் கோரைப்புல்லை அறுத்து, மெல்லிய நாராகக் கிழித்து, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, உலர்த்தி, அதற்குப் பிறகுதான் தறிக்குக் கொண்டுவருவாள். இழுத்துக் கட்டிய நூல்களுக்கு நடுவே கோரையை நுழைக்க வேண்டும், இழுக்க வேண்டும், பலகையால் அடித்து நெருக்க வேண்டும். நுழை, இழு, நெருக்கு. ஒரு பாய் முடிவதற்குள் இதையே ஆயிரம் இரண்டாயிரம் தடவை செய்தாக வேண்டும். கோரையின் ஓரம் கண்ணுக்குத் தெரியாத கத்தி. பேராச்சியின் விரல்களில் பழைய கீறல் ஆறுவதற்குள் புதுக் கீறல் விழுந்துவிடும்.

அந்த வருடம் வைகாசியில் கல்யாணங்கள் குவிந்தன. கல்யாணம் என்றால் புதுப்பாய் வேண்டும். கேட்டு வந்தவர்களிடம் முடியாது என்று சொல்லும் வாய் பேராச்சிக்கு இல்லை. முப்பத்தேழு பாய்க்குத் தலையாட்டிவிட்டாள். முப்பத்தெட்டாவது அவள் வீட்டுப் பாய். அவளுடைய புருஷன் சொள்ளமுத்துவின் தங்கை ஆவுடைக்கும் அதே மாதக் கடைசியில் கல்யாணம்.

முப்பத்தேழாவது பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டுப் பேராச்சி படுத்தாள். உடம்பு படுத்தது. கை படுக்கவில்லை. வெறும் காற்றுக்குள் நுழைத்தது, இழுத்தது, நெருக்கியது. இடது கையை வலது கையால் பிடித்தாள். பிடித்த கை அசைந்தது. இரண்டையும் தொடைக்குள் வைத்து இறுக்கினாள், தொடையே ஆடியது. கண் மூடுகிற நேரத்தில் கை எழுப்பிவிடும். இப்படியே ஒன்பது நாள் போயிற்று. ஊருக்கெல்லாம் உறக்கம் விரித்தவளுக்கு ஒரு நாழிகைத் தூக்கம் இல்லை.

"மதினி, உங்க கண்ணு ரெண்டும் வெந்த கிழங்கு மாதிரி இருக்கு" என்றாள் ஆவுடை. "எனக்குப் பாய் வேண்டாம், தரையிலயே படுத்துக்கிடுதேன். நீங்க கொஞ்சம் சாயுங்க."

"போடி அங்கிட்டு. பாய்க்காரி வீட்டுப் பொண்ணு வெறுங்கையோட போனா உன் மாமியா என்னைத்தான் ஏசுவா."

பத்தாம் நாள் மத்தியானம்தான் அது நடந்தது. எட்டு மாதக் குழந்தை வடிவைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள் பேராச்சி. ஆட்டத்தில் அவளுக்கே கண் செருகியது. ஆவுடை தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தபோது பேராச்சியின் கைகள் தொட்டில் சேலையின் இரண்டு ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து, இழுத்து, நெருக்கிக்கொண்டிருந்தன. உள்ளே குழந்தையின் அழுகை துணிக்குள் அமுங்கிக் கேட்டது. ஆவுடை குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து சேலையைப் பிரித்தாள். வடிவின் முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. இன்னும் நாலு இழை நெய்திருந்தால் அந்தச் சத்தமும் கேட்டிருக்காது.

அதற்குப் பிறகு பேராச்சி குழந்தையைத் தொடவில்லை. பால் குடிக்கும் நேரத்தில்கூட ஆவுடைதான் பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். பேராச்சி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்திருப்பாள். மாமியார் இல்லாத வீடு. சொள்ளமுத்து கோரை அறுக்க மேற்கே போனால் திரும்ப மாதமாகும். இன்னும் பன்னிரண்டு நாளில் ஆவுடையும் போய்விடுவாள். அப்புறம் இந்தப் பிள்ளையை யார் தூக்குவது? அதை நினைக்க நினைக்க இருந்த அரைத் தூக்கமும் போயிற்று.

ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கசகசாவை அரைத்துக் குடி என்றார்கள், குடித்தாள். ஜாதிக்காயைப் பாலில் உரசு என்றார்கள், உரசினாள். அமுக்கராக் கிழங்கைப் பொடித்துத் தேனில் குழைத்தும் தின்றாள். எல்லாம் நல்ல மருந்துதான். உடம்பு தளர்ந்தது, கண் மூடியது. கை மட்டும் மருந்து தனக்கில்லை என்பதுபோல் நெய்துகொண்டேயிருந்தது.

கடைசியில், தூக்கத்தைப் பற்றி அதிகம் தெரிந்தவரிடமே கேட்போம் என்று ஆற்றுக்குப் போனாள். அங்கே கழுத்துவரை தண்ணீரில் எருமை கிடந்தது.

"ஏ எருமை, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தூங்குவே?"

எருமை ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "இது தூங்குகிற நேரமா முழிச்சிருக்கிற நேரமான்னே எனக்குத் தெரியாது. நீ வந்ததால முழிச்சிருக்கேன்னு வச்சிக்கிடுவோம்."

"எப்படி உனக்கு மட்டும் வருது?"

"நான் அதைத் தேடினதே இல்லை பாய்க்காரி. தண்ணிக்குள்ள இறங்குவேன். அதுவா வந்து கழுத்துல உட்காரும்." எருமை அவளை மேலும் கீழுமாகப் பார்த்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய கைகள் ஆற்றங்கரைப் புல்லைப் பிடுங்கி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தன. "சரிதான். உனக்கு உடம்பெல்லாம் தூங்கத் தயாராத்தான் நிக்குது. கைதான் கேக்கல. கைக்கு வைத்தியம் என்கிட்ட ஏது? எனக்குக் கையே இல்லையே."

பேராச்சிக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

எருமைக்கு அழுகை பிடிக்காது. "இங்க பாரு, அந்தத் தோட்டத்து வேலியில ஒரு செடி நிக்குது. அது பூ உதிர்க்கிற இடத்துல படுத்தா என் கன்னுக்குட்டிகூடத் துள்ளாம கிடக்கும். அதுகிட்ட கேளு. மெதுவாப் பேசு, கூச்சப்படும்" என்று சொல்லிவிட்டு மூக்கை மட்டும் வெளியே விட்டு அமிழ்ந்தது.

பேராச்சி வேலியோரம் போய் உட்கார்ந்தாள். அவள் எத்தனையோ முறை கோரைக்கட்டோடு கடந்துபோன வேலிதான். அந்தப் பூவுக்கு இப்படி ஒரு வாசனை உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. மல்லிகை மாதிரி எட்டத்திலிருந்தே கூப்பிடுகிற வாசனை இல்லை. பக்கத்தில் வந்து, மூச்சை இழுத்து விட்ட பிறகு, உள்ளே எங்கோ மெல்லப் படிகிற வாசனை.

"செடியம்மா," என்றாள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

இலைகள் லேசாக அசைந்தன. "என்னையா கூப்பிட்டீங்க, அக்கா?"

பேராச்சி எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டில் சேலையைப் பற்றியும் சொன்னாள்.

"என் பூவை எடுத்துக்கோங்க" என்றது செடி. "தலைக்கு அடியில வச்சுக்கிட்டா தூக்கம் வரும், அது தெரியும். கைக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல அக்கா. சும்மா என் கிளை மேல வைங்க. என் இலைக்குக் குளிர்ச்சி உண்டு. எரிச்சலாவது அடங்கும்."

பேராச்சி கைகளை இலைகளுக்குள் வைத்தாள். விரல் கீறல்களில் குளுகுளுவென்று பட்டது. பதினைந்து நாளில் முதன்முறையாக அவளுடைய தோள்கள் தாழ்ந்தன. பூவாசனை மூச்சில் ஏறியது. கண் சொக்கியது.

சொக்கியது எவ்வளவு நேரமோ தெரியாது. ஏதோ முறிகிற சத்தம் கேட்டு விழித்தாள்.

அவளுடைய கைகள் செடியை நெய்துகொண்டிருந்தன. கிளையைக் கிளைக்குள் நுழைத்து, இழுத்து, நெருக்கி, கோரைத் தண்டுக்குள் இருக்கும் பஞ்சுபோன்ற சோற்றை உருவி எறிவதுபோல் ஒவ்வொரு கொம்பிலும் இலையை உருவியிருந்தன. உருவிய இலையை எறியவும் இல்லை. உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கூழாக்கியிருந்தன. அவளுக்கு எட்டிய மட்டும் செடி மொட்டையாக நின்றது. பூக்கள் எல்லாம் அவள் மடியில் கொட்டிக் கிடந்தன.

"ஐயையோ!" என்று பதறினாள் பேராச்சி. "உதவி கேட்டு வந்த இடத்துல உன்னை உரிச்சிட்டேனே! நீயாவது கத்தியிருக்கக் கூடாதா?"

"கத்திப் பழக்கமில்லை" என்றது செடி.

"கோபமா?"

"இல்லைன்னு சொன்னா பொய்." என்றது செடி. "என் ஒரு வருஷத்து இலை அக்கா அது."

பேராச்சி தன் கைகளைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையிலும் பச்சைக் கூழ் அப்பியிருந்தது. விரல் கீறல்களிலிருந்து கசிந்த ரத்தம் அதில் கலந்துகொண்டிருந்தது. இப்போதுகூட அந்த விரல்கள் அடுத்த கொம்பைத் தேடித் துடித்தன. இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அரிவாளை எடுத்து... அந்த நினைப்பிலிருந்து அவளே பயந்து விலகினாள். கையை உதறி, கூழைத் தரையில் வழித்துப்போட ஓங்கினாள்.

"போடாதீங்க!"

கூச்சக்காரச் செடி அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"போட்டா வீணாப்போகும். எடுத்தது எடுத்தாச்சு. அதை நீங்களே வச்சிருங்க. கையை மூடிக்கோங்க."

"மூடி?"

"தினமும் உங்க வீட்டுப் பொண்ணு அந்தக் குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு இந்தப் பக்கமாத்தான் தண்ணிக்குப் போகுது. சில நாள் குழந்தை தோள்ல தூங்கிட்டிருக்கும். நான் பாத்திருக்கேன். தூங்கும்போது கையை மூடிக்கிட்டுத்தான் தூங்குது. உள்ள என்னமோ இருக்கிற மாதிரி. அது விழுந்துடக் கூடாதேங்கிற மாதிரி. உங்க கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது அக்கா. அதனால அதுக்கு ஒரு வேலை குடுங்க. என் இலையை வச்சிருக்கிறதுதான் வேலை. காயிற வரைக்கும் சிந்தாம வச்சிருக்கணும். அசைஞ்சா உதிர்ந்துபோகும்."

பேராச்சி கைகளை மூடினாள். விரல்கள் முண்டின. நுழை என்றது ஒரு விரல், இழு என்றது இன்னொன்று. "இருங்க, வச்சிருங்க" என்று அவள் தன் கையிடமே சொன்னாள். அது அவள் வயிற்றுப்பாட்டுக்காக நெய்கிற கோரை இல்லை. ஒரு செடியின் ஒரு வருடம். அதைச் சிந்தக் கூடாது. விரல்கள் இன்னொரு முறை துடித்தன. பிறகு, புது வேலையைக் கற்றுக்கொள்கிற ஆள்போல, தயங்கித் தயங்கி, நின்றன.

வெயில் சாயும் நேரத்தில் ஆவுடை குழந்தையோடு தேடி வந்துவிட்டாள்.

"எங்கெல்லாம் தேடுதது! எருமைகிட்ட கேட்டா வாலை ஆட்டி வழி காட்டுது, வாயைத் திறக்க மாட்டேங்குது." பக்கத்தில் வந்ததும் நின்றாள். "மதினி, கைக்குள்ள என்னத்தை வச்சிருக்கீய?"

"மெதுவாப் பேசுட்டி. கை வேலையா இருக்கு."

ஆவுடை அவளுடைய கைகளைப் பார்த்தாள். இத்தனை நாளில் அந்தக் கைகள் அசையாமல் இருந்து அவள் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். கொண்டுவந்த சோற்றைப் பிசைந்து பேராச்சிக்கு ஊட்டினாள். முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். மூக்கு அரிக்கிறது என்றபோது சொறிந்தும் விட்டாள்.

"நல்லாருக்கு கதை. கல்யாணப் பொண்ணு நானா நீங்களா?"

பேராச்சி வாய் நிறையச் சோற்றோடு சிரித்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து யாரும் அவளுக்கு ஊட்டியதில்லை. அவளும் யாரையும் ஊட்டவிட்டதில்லை.

உதிர்ந்த பூக்களை ஆவுடை பேராச்சியின் முந்தானையில் அள்ளி முடிந்து, அவளை அங்கேயே சாயவைத்துத் தலைக்கு அடியில் வைத்தாள். பிறகு குழந்தையைத் தூக்கி அவள் பக்கத்தில் விடப் போனாள்.

"வேண்டாம் ஆவுடை! என் கை..."

"கைதான் மூடியிருக்கே, மதினி."

வடிவு தவழ்ந்து வந்து அம்மாவின் கழுத்தடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பேராச்சி மூடிய இரண்டு கைகளையும் குழந்தையின் இருபுறமும் மெதுவாக வைத்தாள், இரண்டு கூழாங்கற்களை வைப்பதுபோல். குழந்தை முதலில் தூங்கியது. அதன் கை மூடியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேராச்சியும் தூங்கினாள். ஆவுடை பக்கத்திலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு காவலிருந்தாள்.

பேராச்சி எழுந்தபோது கிழக்கே வெளுத்திருந்தது. கைகள் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. உள்ளே இலை காய்ந்து சருகாகியிருந்தது. மெல்லத் திறந்தாள். பச்சைத் துகள் உதிர்ந்தது.

உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. விரல் நுனிகள் கோவைப்பழமாக இருந்தன.

"ரத்தம்!" என்று ஆவுடை எழுந்தே விட்டாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடினாள். கழுவினார்கள், தேய்த்தார்கள், மணலைப் போட்டு உரசினார்கள். சிவப்பு போகவில்லை. ஆனால் கீறல் ஒன்றையும் காணோம். எல்லாம் மூடி ஆறியிருந்தன.

திரும்பி வந்து செடியின் முன்னால் நின்றார்கள்.

"உங்க விரல்ல கசிஞ்சதையெல்லாம் என் இலை குடிச்சிருக்கு அக்கா" என்றது செடி. "அடுத்தவங்க ரத்தத்தை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? கை அசையாம இருந்த நேரத்துல திருப்பிக் குடுத்துடுச்சு. இனிமே என் இலை அப்படித்தான் இருக்கும்னு தோணுது. வெளிய பச்சை. சும்மா இருக்கிற கைக்கு மட்டும் சிவப்பு."

பேராச்சி குனிந்து குழந்தையைத் தூக்கினாள். பதினாறு நாளைக்குப் பிறகு ஒரு முழுத் தூக்கம் தூங்கிய கைகள், நெய்யவில்லை, நெருக்கவில்லை. பிள்ளையின் முதுகில் தட்டின. ஒரு தட்டு, ஒரு மூச்சு இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. ஆவுடை முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

"எனக்கும் அந்தச் சிவப்பு வேணும் மதினி" என்றாள் பிறகு. "போற வீட்டுல முதல் நாளே விளக்குமாத்தைக் கையில குடுத்துடுவாவ. கையில பச்சை அப்பியிருந்தா ஒரு நாளாவது தப்பிக்கலாம்லா?"

செடி சிரித்தது அவர்களுக்குக் கேட்டது. "மொட்டையா நிக்கிறேனே, தெரியலையா? மழை வரட்டும்."

பேராச்சி மழைக்குக் காத்திருக்கவில்லை. தினமும் காலையில் கோரை ஊறப்போடப் போகும்போது செடிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். நாலாம் நாள் கோடை மழையும் பெய்தது. உருவிய கொம்பெல்லாம் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்த்தது. கல்யாணத்துக்கு முதல் நாள், இரண்டு கைக்குப் போதுமான அளவு இலையைச் செடியைக் கேட்டுப் பறித்து, அரைத்து, ஆவுடையின் உள்ளங்கையில் உருண்டையாக வைத்து மூடினாள். விரல் நுனிகளுக்குத் தொப்பி போட்டாள். அன்று பொழுதுக்கும் ஆவுடைக்குப் பேராச்சி ஊட்டினாள்.

ஆவுடையின் பாய் முடியவில்லை. நாலு விரல் குறைவு. கையை மறுபடி ஓட்டியிருந்தால் முடித்திருக்கலாம். "காலை நீட்டுனா கொஞ்சம் தரையில படும், அவ்வளவுதானே?" என்று ஆவுடை அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனாள். அவளுடைய மாமியாருக்குப் பாயை அளந்து பார்க்கத் தோன்றவில்லை. மருமகளின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது என்ன சிவப்பு? எனக்கும் வைப்பியா?" என்று கேட்டாள். அப்படியே அது ஊர் ஊராகப் போயிற்று. போகிற வழியில் எங்கோ மருதாணி என்ற பெயரும் கிடைத்தது.

அதிகம் சிவந்தால் புருஷனுக்கு ஆசை அதிகம் என்பதெல்லாம் பின்னால் யாரோ சேர்த்த பேச்சு. கை எவ்வளவு நேரம் சும்மா இருந்ததோ, அவ்வளவு சிவக்கும். அதுதான் கணக்கு.

தூக்கம் பிடிக்காதவர்கள் மருதாணிப் பூவைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வதும், எத்தனை முறை உருவினாலும் அந்தச் செடி முன்னைவிட அடர்ந்து துளிர்ப்பதும், பச்சை இலை கையில் சிவப்பாவதும் அந்த நாளிலிருந்துதான். ஓயவே தெரியாத பெண்ணுக்கும்கூட, மருதாணி வைத்த கை காயும்வரை யாரும் ஒரு வேலை சொல்வதில்லை என்பதும், பக்கத்திலிருப்பவர் எழுந்து வந்து சோறு பிசைந்து ஊட்டுவதும் அன்று முதல்தான்.